அப்பா நடந்த வழிக்குக் கேட்

கேள்வி: எங்கள் வயலுக்குப் போக ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரமாகத்தான் நடைவழி. அப்பா காலத்திலிருந்தே நடக்கிறோம். போன மாசம் தோட்டம் கைமாறியது, புது ஆள் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். லண்டனில் நர்ஸாக இருக்கும் என் மகள், "இங்கே யார் நிலத்திலும் நடக்கலாம், சட்டமே இருக்கிறது" என்கிறாள். நம் சட்டத்தையும் அப்படி மாற்றினால் என்ன?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: மகள் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டாள் அம்மா. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2000இல் வந்த அந்தச் சட்டம் திறந்துவிட்டது மலை, புதர்வெளி, பதிவான பொது நிலம் இவற்றை மட்டும்தான். பயிர் வயலும் வீட்டுத் தோட்டமும் அதில் சேராது. நாயோடு போனால் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மேல் போகாத கயிற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் காலம் அது. வழியைத் திறந்த சட்டமே கூட்டையும் பார்த்துக்கொள்கிறது. எனக்கு அதில் பிடித்தது இதுதான். அதுவும் லேசில் வரவில்லை. 1932இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மலையில் தடையை மீறி ஏறியவர்களில் ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

சரி, உங்கள் கேட்டுக்கு வருவோம். இதற்குப் புதுச் சட்டமே வேண்டாம். அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டம் போதும். தனியார் நிலத்தில் 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு நடந்திருந்தால் வழி உங்களுக்கு உண்டு. அனுமதி வாங்கி நடந்தது கணக்கில் வராது. பத்மநாபபுரம் கோர்ட்டில் ஒரு பெரியவர், மரியாதைக்காக, "முதலாளிகிட்ட கேட்டுட்டுத்தான் போவோம்" என்று கூண்டில் சொல்லி, ஜெயிக்க வேண்டிய கேஸைக் கவிழ்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் கட்சிக்காரர்தான், என்ன செய்ய! இன்னொன்று, வழியை அடைத்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும். சமாதானம் பேசிப் பேசியே அதைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வீட்டில் பழைய பிரமாணம், அதாவது நிலப் பத்திரம், இருக்கிறதா பாருங்கள். 1956க்கு முன்னால் நாம் திருவிதாங்கூர். அந்தக் காலத்து ஆதாரங்கள் பலதும் மலையாளத்தில் இருக்கும். தகரப்பெட்டிக்குள் கரையான் பாதி தின்ற ஒரு தாளில் "தெக்கு நடவழி" என்ற இரண்டே வார்த்தையை வைத்து நான் ஒரு கேஸ் ஜெயித்திருக்கிறேன். சர்வே ஆபீஸ் புலப்படத்தில் அந்த வழி கோடாகக்கூட இல்லை.

சட்டத்தை மாற்றுவதென்றால் நான் கை வைப்பது இந்த இடத்தில்தான். இங்கிலாந்தில் 1949 சட்டப்படியே பொது நடைபாதைகளை அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம் ஏலாக்களிலும் (வயல்வெளிகளிலும்) சானல் கரைகளிலும் ஊரே நடக்கிற வழிகளை அப்படி வரைந்துவிட்டால் பாதி வழக்கு கோர்ட் வாசலுக்கே வராது. ஆனால் கீரிப்பாறைக்கு மேலே காட்டில் எல்லோரும் இஷ்டம்போல் நடக்கலாம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே காணிக்காரப் பழங்குடிகளுக்கு 2006ஆம் வருட வன உரிமைச் சட்டம் தந்த உரிமை வேறு, ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போகிற நம் ஆசை வேறு. சரணாலயத்துக்கு அனுமதிச் சீட்டு இருக்கட்டும்.

நீங்கள் கேட்டைத் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் பிரமாணத்தில் இருக்கும் நாலு எல்லையையும் ஒரு எழுத்து விடாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள்.