மின்வேதியியல் கலத்துக்குக் கவசக் கூண்டு: கேள்வி பதில்

கேள்வி (கிண்டி, ஆய்வு மாணவி): ஐயா, நுண்மின்முனையில் (மிகச் சிறிய மின்முனையில்) நானோஆம்பியர் அளவில் அளக்கும்போது மின்னோட்ட வளைகோடு ரம்பப் பல்லைப் போல வருகிறது. வெளி மின்புலத்தைத் தடுக்கும் உலோகப் பெட்டியான ஃபாரடே கூண்டு வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் பற்களை எண்ணிப் பாருங்கள், அம்மா. மின்னழுத்தத்தை நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் மாற்றி அளக்கும்போது, கருவி போதிய நெருக்கத்தில் புள்ளிகளைப் பதிவு செய்தால், 2 மில்லிவோல்ட்டுக்கு ஒரு பல் வீதம் ஒழுங்காக வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. அதற்குக் கூண்டு பயன் தரும். பற்கள் தாறுமாறாக வந்தால், கூண்டுக்குக் காசு செலவழிக்கும் முன் ஒப்பீட்டு மின்முனையை (மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த மின்முனையை) வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் நுனியில் ஒரு காற்றுக்குமிழ் சிக்கியிருந்தாலோ பொட்டாசியம் குளோரைடு படிகம் அடைத்திருந்தாலோ மின்தடை ஏறி, அந்தக் கம்பியே ஆண்டெனாவாகிவிடும். இரண்டு தட்டுத் தட்டினால் தீருகிற கோளாறுக்குப் பெட்டி செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (தாம்பரம், கல்லூரி ஆசிரியர்): எங்களிடம் நிதி குறைவு. எந்தப் பெட்டி போதும்?

பதில்: மூடியுள்ள எவர்சில்வர் அரிசி டிரம்மே போதும்; சிரிக்க வேண்டாம், நான் பல ஆண்டுகள் அதில்தான் அளந்தேன். மூடி டிரம்மோடு உலோகத்துக்கு உலோகமாகத் தொட வேண்டும், கேபிள் நுழையும் துளை சிறியதாக இருக்க வேண்டும். அலுமினியப் பெட்டி என்றால் அனோடைஸ் செய்த மேற்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. இணைப்பு வரும் இடங்களில் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். உள்ளே கலத்தைத் தாங்கும் ஸ்டாண்டின் கம்பியையும் பெட்டியோடு இணையுங்கள். இவையெல்லாம் தடுப்பது மின்புலத்தைத்தான். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் செம்பில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஆழம் வரை ஊடுருவும் என்பதால் மெல்லிய தகடு அதை மறிக்காது. டிரான்ஸ்ஃபார்மரையும் ஸ்டெபிலைசரையும் மேசையைவிட்டுத் தள்ளி வைப்பதே வழி.

கேள்வி (அடையாறு, ஆய்வு மாணவர்): கூண்டு வைத்த பிறகு இரைச்சல் கூடிவிட்டது. கூண்டைச் சுவர் பிளக்கின் எர்த்துடனும், கலத்தின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவியான பொட்டென்ஷியோஸ்டாட்டின் எர்த்துடனும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கோளாறே அந்த இரண்டாவது இணைப்புதான். இரு வழியாக எர்த் கொடுத்தால் நடுவே ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் மின்னோட்டம் உங்கள் அளவீட்டில் கலக்கும். சுவருக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, கருவியின் எர்த் முனையில் மட்டும் ஒரே குட்டையான, தடித்த கம்பியால் இணையுங்கள். கருவியின் கையேடு கூண்டை எங்கே இணைக்கச் சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஒருமுறை அளந்து பாருங்கள். சில வேளைகளில் குற்றவாளி அதுவாகவே இருக்கும். வளையத்தை உடைக்கிறேன் என்று கருவியின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள், அது உயிர்காப்பு.

கேள்வி (அதே மாணவர்): நைட்ரஜன் குழாயும் காந்தக் கலக்கியும் கூண்டுக்குள் இருக்கலாமா?

பதில்: குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் தாராளமாக. கலக்கியின் மோட்டாரை அளக்கும் நேரத்தில் நிறுத்தி, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். கரைசலுக்குள் குமிழியிட்ட வாயுவை அப்போது அதன் மேற்பரப்பில் மெதுவாகப் படரவிட்டால் போதும்.

கேள்வி (திருவான்மியூர், ஆய்வக உதவியாளர்): நன்றாக இருந்த கூண்டு ஆறு மாதத்தில் பயனற்றுப்போனது ஏன்?

பதில்: கடற்காற்று. எர்த் கம்பியைக் கூண்டோடு பிடிக்கும் முதலைக் கிளிப்பின் பல்லில் பச்சை படிந்திருக்கும், பாருங்கள். கிளிப்பை எறிந்துவிட்டு, எர்த் கம்பியை வளைய முனையிட்டுத் திருகாணியால் முடுக்குங்கள்.