பூனைக்கு மணி கட்டிய பிறகு

அன்புள்ள சார்,

ஸ்ரீரங்கத்தில் மாமியாரோடு இருக்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில் கொல்லைப்பக்கம் வந்து நின்ற பூனைக்குட்டி, இப்போது எங்கள் வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்டது. சின்னி என்று பெயர் வைத்ததே மாமியார்தான். பாலும் தயிர்சாதமும்தான் சாப்பாடு. முன்பெல்லாம் பல்லி, கரப்பான் பிடிக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இரண்டு மாதமாக அணில் கொண்டுவருகிறது. போன ஏகாதசியன்று விடிகாலையில் மாமியார் கோலம் போடக் கதவைத் திறந்தால், படியில் தலையில்லாத அணில். ‘ராமர் தடவிக்கொடுத்த முதுகு’ என்று ஒருமுறை சொன்னார். அதோடு அன்று முழுக்கப் பேச்சில்லை. அன்றிலிருந்து சின்னி என்று கூப்பிடுவதும் இல்லை. ‘உங்க பூனை’ என்கிறார்.

கழுத்தில் மணி கட்டினேன். மணியோடு போய் அடுத்த வாரமே இன்னொரு அணில், ஒரு தவிட்டுக்குருவி. பூனை நமக்குப் பரிசு கொண்டுவருகிறது என்று யூடியூபில் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் மனசு இன்னும் கஷ்டப்பட்டது. எனக்காகவா ஒரு உயிர் போகிறது? நாத்தனார் வேறு தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை கூடாது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

ஆர்., ஸ்ரீரங்கம்

அன்புள்ள ஆர்.,

முதலில் கணவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மூன்று வருடம் வீட்டில் வளர்ந்த பூனையை மார்க்கெட்டில் விட்டால், அங்கே ஏற்கனவே இடம் பிடித்திருக்கும் கடுவன்களும் நாய்களும் அதைச் சும்மா விடாது. தப்பிப் பிழைத்தாலும் வேட்டையை அது விடப்போவதில்லை. நீங்கள் பார்க்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

இந்தப் பரிசு விஷயத்தைச் சொல்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தாய்ப்பூனை குட்டிகளுக்கு முதலில் செத்த எலியைக் கொண்டுவரும், பிறகு அரையுயிராக, அப்புறம் முழு உயிரோடு. அது பாடம் நடத்துகிற முறை. அதைப் பார்த்துவிட்டு, நம்மையும் பூனை வேட்டை தெரியாத மக்குக் குட்டியாக நினைத்துப் பாடம் நடத்துகிறது என்று யாரோ கதை கட்டிவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரணக் காரணம் ஒன்று கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பிடித்ததைப் பயமில்லாமல் வைத்துத் தின்ன ஓர் இடம் வேண்டும். சின்னிக்கு அந்த இடம் உங்கள் வாசற்படி. அங்கே யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். தலையை மட்டும் தின்றுவிட்டு மீதியைப் போட்டிருக்கிறது. பரிசு கொடுக்கிறவர் பெட்டியைப் பிரித்து ஒரு வாய் கடித்துவிட்டா கொடுப்பார்? ஆகவே உங்களுக்காக அந்த அணில் சாகவில்லை.

பசிக்காகச் செத்தது என்றும் சொல்ல முடியாது. பூனைகளை வருடக்கணக்காகக் கவனித்த ஜெர்மானிய ஆய்வாளர் பவுல் லெய்ஹவுசன், பதுங்குவது, பாய்வது, கொல்வது, தின்பது ஒவ்வொன்றுக்கும் பூனைக்குள் தனித்தனி ஆசை உண்டு என்று காட்டினார். வயிறு நிரம்பினால் தின்கிற ஆசை அடங்கும், பதுங்குகிற ஆசை அப்படியே நிற்கும். யோசித்தால் இது நியாயம்தான். சுண்டெலியை மட்டுமே நம்பி வாழ்கிற பூனைக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்தாவது வேண்டும். பாதிக்கு மேல் பாய்ச்சல் தப்பிப் போகும். பசித்த பிறகு எழுந்து போகலாம் என்று படுத்திருந்தால் பிழைக்க முடியாது.

ஆக, வேட்டை சின்னியுடையது. ஆனால் வேட்டைக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது பெரும்பாலும் நாம்தான். இதை நான் வெட்கப்படும்படியாகத்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒரு கடுவன். ஒரு கோடையில் வாரத்துக்கு இரண்டு அணிலாவது கொண்டுவந்தான். திட்டினேன், தண்ணீர் தெளித்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் காலை காப்பியோடு பின்திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன். மனைவி தினமும் காக்கைக்குச் சாதம் வைப்பது கிணற்றடிச் சுவரில். காக்கை தின்று சிதறியதைப் பொறுக்க அணில்கள் சுவரோரம் இறங்கும். அதற்கு மூன்றடி தள்ளி அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தோம். அண்டாவின் பின்னால் கருப்பன். உடம்பைத் தரையோடு ஒட்டவைத்து, பின்னங்கால்களை மட்டும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தான். மீசை முழுக்க முன்பக்கம் விறைத்து நின்றது. பாய்ந்ததை நான் பார்க்கவில்லை, முடிந்ததைத்தான் பார்த்தேன். அணில் ‘கீச்’ என்றுகூடச் சொல்லவில்லை. கோரைப்பல் கழுத்தெலும்புகளின் இடுக்கில் சரியாக இறங்கினால் தண்டுவடம் அறுந்துவிடும். இந்தக் காரியத்துக்கென்றே அமைந்த பல் அது.

தினமும் நாங்களே பந்தி விரித்து, ஒளிய இடமும் கொடுத்து, அப்புறம் அவனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். சாதம் மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் போனது, மாடிக்கதவு பூட்டப்பட்டது, அண்டா உள்ளே வந்தது. அந்த மாதம் வந்தது ஒரே ஓர் அணில். உங்கள் வீட்டிலும் காக்கைக்கு எங்கே சாதம் வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்தது தயிர்சாதம். கோபித்துக்கொள்ளாதீர்கள். பூனை மாமிசத்தை விட்டால் வேறு வழியில்லாத பிராணி. டாரின் என்ற சத்தைப் போதிய அளவு அதன் உடம்பால் தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது குறைந்தால் கண் போகும், இதயம் வீங்கும். இதயக் கோளாறுக்கு டாரின் குறைவே காரணம் என்று 1987இல்தான் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் சரியாகச் செரிக்காது. சின்னி மூன்று வருடம் தெம்பாக ஓடியாடுகிறது என்றால், அது உங்கள் தயிர்சாதத்தால் இல்லை, படிக்கு வராத பல்லிகளாலும் எலிகளாலும்தான்.

இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 219 வீடுகளில் 355 வேட்டைப் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2021இல் வந்தது. இறைச்சிப் புரதம் அதிகமுள்ள உணவுக்கு மாற்றிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாடினாலே 25 சதவீதம் குறைந்தது. குச்சியில் நூல் கட்டி, நுனியில் இறகைக் கட்டித் தரையில் இழுத்து, பாய்ந்து பிடிக்கவிட வேண்டும். கடைசியில் பிடிபட வேண்டும், அது முக்கியம். பிடிக்கவே விடாமல் ஆட்டம் காட்டினால் அதற்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

உங்கள் வீட்டில் இறைச்சி சமைக்கச் சொல்ல மாட்டேன். கேட் ஃபுட் பாக்கெட்டில், சேர்மானப் பட்டியலில் கோழியோ மீனோ முதலில் வருவதாகப் பார்த்து வாங்குங்கள். பார்க்க பிஸ்கட் மாதிரிதான் இருக்கும். வாடை உண்டு என்பதால் கொல்லையில் தனித்தட்டு வைத்துவிடலாம். ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஊரே கேட்கும். நீங்கள் கட்டியே விட்டீர்கள்! பழைய ஆய்வுகள் சிலவற்றில் மணியால் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. நான் சொன்ன எக்ஸிடர் ஆய்வில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. பதுங்கி நகரும் பூனையிடம் மணி அதிகம் ஆடாது, பாயும்போது ஒலித்து என்ன பயன்? பளிச்சென்ற வண்ணத் துணியைச் சுருக்கு வைத்துக் கழுத்தில் மாட்டியபோது பறவைகள் சிக்குவது 42 சதவீதம் குறைந்திருக்கிறது. பறவைகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும். பாலூட்டிகள் விஷயத்தில் அது எடுபடவில்லை, ஆகவே தவிட்டுக்குருவிக்கு உதவலாம், அணிலுக்கு உதவாது. எதைக் கட்டினாலும் இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பட்டையாக இருக்கட்டும். கிளையில் மாட்டித் தொங்கிய பூனையை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட நேரம்தான் முக்கியம். குறுந்தொகையில் ஒரு காட்சி வரும். மாலை மங்கும்போது வேலியோரம் வெருகு வந்து நிற்க, வீட்டுக்கோழி பதறிப்போய்க் குஞ்சுகளைக் கூவி அழைக்கும். வெருகு என்றால் காட்டுப்பூனை. அந்தக் கோழிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. அந்தியும் விடியலும்தான் பூனையின் வேளை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் சின்னியை உள்ளே கூப்பிட்டுவிடுங்கள். விடிந்து, வெயில் நன்றாக ஏறிய பிறகு கதவைத் திறங்கள். உங்கள் மாமியார் கோலம் போடும் நேரத்தில் அது உள்ளே தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வாரம் கத்தும், கதவைப் பிறாண்டும். தாங்கிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஐம்பத்தைந்து வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமரா மாட்டிப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவைதான் வேட்டையாடின. பிடித்ததில் கால்வாசிக்கும் குறைவுதான் வீட்டுக்கு வந்தது. கிட்டத்தட்டப் பாதி பிடித்த இடத்திலேயே கிடந்தது, மீதி வயிற்றுக்குப் போனது. அங்கேயும் அதிகம் சிக்கியது ஓணான் மாதிரியான ஊர்வனதான். உங்கள் கணக்கும் அதே விகிதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படியில் கிடப்பது மட்டுமே மொத்தக் கணக்கு இல்லை.

இதைப் படித்து, பூனையால் அணில் இனமே அழிந்துவிடுமோ என்று பயந்துவிட வேண்டாம். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கத்துப் பூனை ஒன்று, யாருக்கும் தெரியாத ஒரு குட்டிப் பறவையை வாயில் கவ்விக் கொண்டுவந்தது. காவலர் லயல் அதைப் பத்திரப்படுத்தி நிபுணர்களுக்கு அனுப்பினார். பறக்கத் தெரியாத சிட்டு. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அந்த இனம் இல்லாமல் போனது. ஒரே பூனை தின்று தீர்த்தது என்பது மிகை, தீவில் பூனைகள் பெருகியிருந்தன. பூனை வாடையே அறியாத தீவு அது. நம் ஊர் அப்படியில்லை. தொல்காப்பிய மரபியலில் கீரி, வெருகு, எலி, மூவரி அணில் நான்குக்கும் இளமைப் பெயர் ‘குட்டி’ என்று ஒரே சூத்திரத்தில் வருகிறது. தின்பதும் தின்னப்படுவதும் அப்போதே ஒரே வரியில். ஸ்ரீரங்கத்து அணிலுக்குப் பூனை புதிதல்ல. ஆனால் வீட்டுப் பூனைக்கு நாம் சோறு போடுகிறோம். இரை குறைந்தாலும் பூனைகளின் எண்ணிக்கை குறையாது. அதனால் கருத்தடை ஆபரேஷன் இன்னும் செய்யவில்லை என்றால் உடனே செய்துவிடுங்கள். அது வேட்டையை நிறுத்தாது, அலைச்சலைக் குறைக்கும். குட்டி போட்ட தாய் நாலு வாய்க்குச் சேர்த்து வேட்டையாடும்.

நாத்தனார் விஷயம். பயப்படுவது டாக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்காக. எலி, குருவி தின்னும் பூனைக்கு அது வரலாம் என்பது உண்மை. ஆனால் பூனை பெரும்பாலும் முதல்முறை தொற்றியபோது ஒன்றிரண்டு வாரம்தான் அதை மலத்தில் வெளியேற்றும். வெளியே வந்ததும் உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆகும். ஆகவே மண் தட்டு வைத்திருந்தால் தினமும் சுத்தம் செய்யுங்கள், அதை நீங்களோ கணவரோ செய்யுங்கள். நாத்தனார் தோட்டத்து மண்ணில் கை வைக்க வேண்டாம். கீரையையும் பச்சையாகத் தின்னும் காய்களையும் நன்றாக அலசுங்கள். உங்கள் வீட்டில் மடியில் ஏறும் பூனையைவிட மண் ஒட்டிய கொத்தமல்லிக்குத்தான் பயப்பட வேண்டும். வீட்டில் பூனை இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். தேவையென்றால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பார்.

உயிரோடு ஏதாவது கொண்டுவந்தால்? ஒரு தடவை கருப்பன் வாயிலிருந்து ஒரு தையல்சிட்டை மீட்டேன். இறக்கையில் கடுகளவு ரத்தம், வேறொன்றும் இல்லை. செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து, பெரிய காரியம் செய்த திருப்தியோடு தூங்கினேன். காலையில் விறைத்துக் கிடந்தது. பூனையின் வாய்க்கிருமி அந்தச் சின்னத் துளை வழியாகவே பறவையைக் கொன்றுவிடும். அன்றே மருத்துவரிடம் போய் ஆன்டிபயாடிக் கொடுத்தால்தான் உண்டு. அது தெரியாமல் ஓர் இரவைக் கடத்திவிட்டேன்.

செத்ததைக் கண்டால் திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். கையுறையோடு எடுத்துப் புதைத்துவிட்டுக் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம். ஈறு வெளுத்தால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள், வைட்டமின் கே ஊசி இருக்கிறது.

மாமியாரிடம் நான் பேச முடியாது. மார்ஜார நியாயம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். குட்டி எந்த முயற்சியும் செய்யாமல் தொங்கிக்கொண்டிருக்க, தாய்ப்பூனை அதைக் கவ்விக்கொண்டு போவதுபோல, சரணடைந்தவனைப் பெருமாளே தாங்குவார் என்கிற வைணவ உவமை. கவ்வுவது அதே வாய், அதே கோரைப்பல், அதே பிடரி. தூக்கத்திலிருக்கும் குட்டியை அது இடம் மாற்றும்போது பார்த்திருப்பீர்கள், ஒரு பல் தடம்கூடப் பதியாது. அணில் கழுத்தில் எந்த அழுத்தம், குட்டி கழுத்தில் எந்த அழுத்தம் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? எனக்கு இதற்குப் பதில் இல்லை. அவரிடம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். கோபமாகவாவது பேச ஆரம்பிப்பார்.

காலண்டரில் குறித்து வையுங்கள்: அணில் எத்தனை, குருவி எத்தனை, எந்த நேரம். இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள். பூஜ்யம் என்று எழுத மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். இன்று காலை எங்கள் கால்மிதியில் ஒரு மூஞ்சூறு. நாற்றத்துக்காகப் பெரும்பாலான பூனைகள் அதைத் தின்பதில்லை, கொல்வதோடு சரி. பிள்ளையார் வாகனம் என்பது மனைவிக்கு இன்னும் தோன்றவில்லை. இந்தக் கடிதத்தை அவள் படிக்காமல் இருக்க வேண்டும்.