கூடாரக் கம்பு முறிந்தால் கூடாரத்தையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: நால்வர் தங்கக்கூடிய, குவிமாட வடிவக் கூடாரம் ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். சென்ற மாதம் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் இரவு வீசிய காற்றில், குறுக்காகச் செல்லும் இரண்டு ஃபைபர்கிளாஸ் கம்புகளில் ஒன்று நீளவாக்கில் பிளந்துவிட்டது. டேப்பை இறுக்கிச் சுற்றினோம். விடிவதற்குள் அதே இடத்தில் மீண்டும் மடங்கியது. கம்பு தனியாகக் கிடைக்காது, புதிய கூடாரம்தான் வாங்க வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். துணியில் ஒரு கிழிசல்கூட இல்லாத கூடாரத்தை எறிந்துவிட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: எறிய வேண்டாம். தங்கள் கூடாரத்தின் கம்பு ஒரே கம்பு அன்று. உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிற்றால் கோக்கப்பட்ட பல துண்டுகளின் தொடர். பிளந்தது அவற்றுள் ஒரு துண்டு மட்டுமே. அதே தடிமனில் ஒரு துண்டு கிடைத்துவிட்டால், பழுது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

டேப் ஏன் நிற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து இறுக்கிய குழல்தான் ஃபைபர்கிளாஸ் கம்பு. அது முறியும்போது இழைகளைப் பிணைத்திருக்கும் பிசின் விட்டுக்கொடுக்க, கட்டவிழ்ந்த துடைப்பம்போல் இழைகள் விரிகின்றன. டேப் அவற்றைச் சேர்த்துப் பிடிக்குமே தவிர, இழந்த விறைப்பைத் திருப்பித் தராது. எனவே முறிந்த எலும்புக்குச் சிம்பு வைத்துக் கட்டுவதுபோல இதற்கும் வெளியிலிருந்து ஒரு தாங்கல் தேவை. பிளந்த இடத்தை வெறும் விரலால் தடவ வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிலாம்புகள் தோலில் ஏறிவிடும். கையுறை அணியுங்கள்.

பயணத்தின் நடுவே செய்யத்தக்க தற்காலிகப் பழுதுக்கு, கம்பின் மேல் நழுவிச் செல்லும் அளவுள்ள உலோகக் குழாய்த்துண்டு ஒன்று, சுமார் 15 செ.மீ. நீளத்தில், போதும். விளிம்புகளை அரத்தால் மழுக்கி, பிளவு குழாயின் நடுவில் வருமாறு நகர்த்தி, இரு முனைகளையும் டேப்பால் சுற்றிவிட வேண்டும். இந்தக் குழாயைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏ.சி. மெக்கானிக்கிடம் மிஞ்சிக் கிடக்கும் செம்புக் குழாயில் 3/8 அங்குலம் என்பது வெளிவிட்டம் 9.52 மி.மீ.; சுவர் 0.8 மி.மீ. கனமானால் உள்விட்டம் 7.9 மி.மீ. வரும். அரை அங்குலக் குழாயின் உள்விட்டம் அதே கணக்கில் 11.1 மி.மீ. கடைகளில் விற்கும் கூடாரக் கம்புகளில் பரவலாகக் காணப்படும் 7.9, 11 மி.மீ. தடிமன்களுக்கு இவை ஏறக்குறையப் பொருந்தும். உள்ளே இறுகினால் உப்புத்தாளால் சற்றுத் தேய்க்கலாம். செம்பு மென்மையானது என்பதால் இது ஓரிரு இரவுகளுக்கான ஏற்பாடே. குழாயும் இல்லாத இடத்தில், தரையில் அடிக்கும் முளைகள் இரண்டைப் பிளவின் இருபுறமும் வைத்து இறுக்கக் கட்டலாம். அவற்றின் கூர்முனைகளைத் துணியால் மூடாவிட்டால் அவையே கூடாரத்தைக் கிழித்துவிடும்.

இனி நிலையான பழுது. முறியாத பகுதி ஒன்றின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் அளந்து தருவார்கள். உதிரித் துண்டுகள் 7.9, 8.5, 9.5, 11, 12.7 மி.மீ. போன்ற அளவுகளில் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. தடிமனானதாகப் போட்டால் வலுவாக இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள், அது தவறு. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுவதால், 8.5 மி.மீ. இருந்த இடத்தில் 9.5 மி.மீ. துண்டைச் செருகினால் அதன் விறைப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். அது வளைய மறுக்க, வளைய வேண்டிய பங்கையெல்லாம் பக்கத்துத் துண்டுகள் சுமக்க, அடுத்த முறிவு அங்கே நேரும்.

பழைய கம்பைப் பிரிக்கும் முன் துண்டுகளில் வரிசை எண் எழுதிவிடுங்கள். பிரித்த பிறகு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். முனையிலுள்ள மூடியைக் கழற்றி முடிச்சை அவிழ்த்தால் கயிறு வெளியே வந்துவிடும். புதிய துண்டு நீளமாக இருந்தால், வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, மெல்லிய பற்களுள்ள ஆக்சா பிளேடால், தண்ணீர் விட்டுக்கொண்டே, முகக்கவசத்துடன் அறுக்க வேண்டும். கண்ணாடித்தூள் மூச்சில் போகக் கூடாது. துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கும் உலோக இணைப்புக் குழலில் ஒரு பாதியை மட்டுமே எபாக்சி பசையால் ஒட்டுங்கள். மறுபாதியில் அடுத்த துண்டு செருகிக் கழற்றத்தக்கதாக இருக்க வேண்டும். அவசரத்தில் இரு பக்கமும் ஒட்டிவிட்டால் கம்பை மடிக்கவே முடியாது. பசை இறுக ஒரு நாள் விடுங்கள்.

எலாஸ்டிக் கயிற்றைப் பொறுத்தவரை தாங்கள் நல்ல ஊரில் இருக்கிறீர்கள். நூலுறை போர்த்திய உருண்டை எலாஸ்டிக், 2.5 அல்லது 3 மி.மீ. தடிமனில், துளைக்குள் தாராளமாக ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு மெல்லிய கம்பியில் கட்டித் துண்டு துண்டாக இழுத்துக் கோக்கலாம். கம்பின் மொத்த நீளத்தில் கால் பங்கு குறைவாக வைத்துத் தற்காலிக முடிச்சுப் போட்டு, ஒருமுறை முழுவதும் மடித்துப் பாருங்கள். மடிக்கும்போது ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி வரக் கயிற்றுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அது முறுக்கேறி நின்றால் சற்றுத் தளர்த்திவிட்டுக் கடைசி முடிச்சைப் போடலாம்.

இவ்வளவும் செய்த பிறகு, பழைய துண்டு எங்கே முறிந்தது என்று ஒருமுறை பாருங்கள். உலோகக் குழலின் விளிம்பை ஒட்டி முறிந்திருந்தால் காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த இணைப்பு முழுமையாக உட்காராமல் இருந்திருக்கக்கூடும். கம்பு செல்வதற்காகக் கூடாரத்தில் தைத்திருக்கும் துணிக் குழலுக்குள் கம்பை இழுத்துக் கொண்டுபோனால் இணைப்புகள் ஒரு விரல் அளவு விலகிவிடும். அந்த நிலையில் வளைத்தால் முழுச் சுமையும் விளிம்பில் விழும். கம்பை எப்போதும் தள்ளித்தான் நுழைக்க வேண்டும். கழற்றும்போதும் அவ்வாறே.

கேள்வி: என் மலையேற்றக் கூடாரத்தின் அலுமினியக் கம்பு ஓரிடத்தில் மடங்கிவிட்டது. வெல்டிங் பட்டறையில் சூடாக்கி நிமிர்த்தித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொடுக்க வேண்டாம். நல்ல கூடாரக் கம்புகள் 7001, 7075 போன்ற கலப்பு அலுமினியத்தால் ஆனவை. 7075 கலவையைச் சுமார் 120 பாகை செல்சியஸில் பல மணி நேரம் வைத்துத்தான் அதன் உறுதியை வரவழைக்கிறார்கள். பட்டறைத் தீ அதைவிடப் பன்மடங்கு சூடானது, அந்த உறுதியை ஒரு நிமிடத்தில் கரைத்துவிடும். பார்வைக்கு நேராக இருக்கும் கம்பு அடுத்த காற்றில் ஈயக்குழாய்போல வளையும். தீயில்லாமல் கையால் நிமிர்த்துவதும், மடிப்பு விழுந்த இடத்தில் விரிசலை உண்டாக்கும்.

பயன்பாட்டில் வந்த மெல்லிய வளைவை அப்படியே விட்டுவிடலாம், அது குறையன்று. குழாய் நசுங்கி மடிப்பு விழுந்திருந்தால் மட்டும், பயணத்தில், முதல் பதிலில் சொன்னதுபோல் கம்பின் மேல் நழுவிச் செல்லும் உறைக்குழாயைப் போட்டுச் சமாளித்து, ஊர் திரும்பியதும் அந்தத் துண்டை மாற்றுங்கள். மலையேற்றக் கூடாரங்களோடு சிறிய உறைக்குழாய் ஒன்றைப் பெரும்பாலும் தருகிறார்கள். முளைகளின் பையில் தேடிப் பாருங்கள். எதற்கென்று தெரியாமல் வீட்டில் வைத்துவிட்டுச் செல்பவர்கள் பலர்.

கேள்வி: ஃபைபர்கிளாஸ் கம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பு போட முடியுமா?
– வாசகர், தேனி

பதில்: முடியும், எடை குறையும், உறுதி கூடும். ஆனால் குறுக்காகச் செல்லும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று விறைப்பாகவும் மற்றது நெகிழ்வாகவும் இருந்தால் கூடாரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், துணியின் தையலும் இழுபடும். பழைய கம்பை முழுவதும் நீட்டித் தரையில் வைத்து, முனையிலிருந்து முனைவரை அளந்த நீளத்தையே புதியதற்கும் சொல்லுங்கள். கூடாரத்தின் அடி மூலையில் இருப்பது துளையா, ஊசியா என்பதையும் பார்த்து, அதற்கேற்ற முனைமூடியைக் கேட்டு வாங்குங்கள்.