அல்சைமர் நோயைத் தள்ளிப்போட முடியுமா? நீங்கள் கேட்டவை, என் பதில்கள்

நினைவாற்றல் பரிசோதனைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு அல்சைமர். எனக்கு 44 வயது. எனக்கும் வந்துவிடுமா அக்கா?

கட்டாயம் வரும் என்று இல்லை, தம்பி. ஒரே மரபணுக் கோளாறால் பரம்பரையாக இறங்கும் வகை நூற்றில் ஒருவருக்குக்கூட இருக்காது. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தெரிந்துவிடும். மற்றபடி, பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். மூளையில் அமிலாய்டு புரதம் படியத் தொடங்குவது அறிகுறிகளுக்கு 15, 20 வருடம் முன்னால். அதனால் 44 என்பது நல்ல நேரம். லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அத்தனையையும் நீக்க முடிந்தால் உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவை (அல்சைமர் போன்ற மறதி நோய்களை) தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. இது மொத்த மக்களுக்கான கணக்கு. தனி ஒருவருக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தினமும் சுடோகு போடுகிறேன். போதுமா மேடம்?

பிடித்திருந்தால் போடுங்கள். ஆனால் சுடோகு போடப்போட சுடோகுவில்தான் கை தேறும். தெரியாத ஒன்றை, நாலு பேரோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 72. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், டிராயரில் கிடக்கிறது. காதுக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். காதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒருமுறை ஒரு பெரியவரிடம் மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்றும் தப்பு. ஒலியைக் கூட்டித் தரும் ஹெட்போனை மாட்டிவிட்டு மறுபடி கேட்டேன். மூன்றையும் சொன்னார், ஐந்து நிமிடம் கழித்தும் சொன்னார். அவர் மறக்கவில்லை, முதலில் அவர் காதில் விழவே இல்லை. கூட வந்த மகள் அழுதுவிட்டார்.

காது மந்தமானால் பேச்சைப் பிடிப்பதற்கே மூளை உழைத்துக் களைத்துவிடுகிறது. அப்புறம் மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்குகிறார். அந்தத் தனிமையும் மூளைக்கு நல்லதில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுள்ளவர்களை மூன்று வருடம் கவனித்த ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் காது மெஷினால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்தவர்களிடம் சிந்தனைத் திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது.

அப்பா ஏன் கழற்றி வைத்தார் என்று கேட்டீர்களா? முதல் சில வாரங்களில் காகிதம் கசங்குவதுகூட இரைச்சலாக இருக்கும். அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு பேசும்போது, ஒரு மணி நேரம் போடச் சொல்லுங்கள். பிறகு மெல்லக் கூட்டலாம். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மெஷினைத் திரும்பக் கொண்டுபோய் ஒலி அளவைச் சரிசெய்யச் சொல்லத் தயங்க வேண்டாம். இரண்டு மூன்று முறை போவது சகஜம்.

பிரஷர் 150 இருக்கிறது, ஆனால் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மாத்திரை வேண்டுமா?

ஒன்றும் செய்யாததுதான் அதன் ஆபத்தே. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சத்தமில்லாமல் கெடும். மேல் அளவை 120க்குக் கீழ் கொண்டுவந்தவர்களுக்கு, 140க்குக் கீழ் வைத்தவர்களைவிட லேசான நினைவுக் குறைபாடு குறைவாக வந்ததை 2019இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். எழுந்தால் தலைசுற்றுகிறவர்களுக்கு மிகவும் குறைப்பது ஆகாது. அளக்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், கை இதய மட்டத்தில் இருக்கட்டும், பேசக் கூடாது.

எவ்வளவு நடக்க வேண்டும்?

வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் வேகம். 2011இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு, நினைவைச் சேர்க்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி ஒரே வருடத்தில் 2 சதவீதம் பெருத்தது. வயதானால் சுருங்கும் இடம் அது. படித்த அன்றைக்கே நான் நடக்க ஆரம்பித்தேன்.

நினைவாற்றலுக்கு என்று விற்கும் ஜிங்கோ மர இலை மாத்திரை?

வேண்டாம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பல வருடம் சோதித்து, 2008லேயே பலனில்லை என்று தெரிந்துவிட்டது. பி12 வேறு கதை. அது குறைந்தாலும் மறதி வரும், ஊசியோ மாத்திரையோ போட்டால் சரியாகவும் வாய்ப்புண்டு. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

என் கணவர் புகைத்ததில்லை, தினமும் நடந்தார். அவருக்கே வந்துவிட்டது. எதில் தவறினோம்?

எதிலும் தவறவில்லை அம்மா. வயதும் மரபணுவும் நம் கையில் இல்லை. அவர் நடந்தது வீண் என்று நினைக்காதீர்கள். இன்னும் முன்பே வந்திருக்கலாம். இப்போதும் அவரை நடக்க வையுங்கள், அதே நேரம், அதே வழி, நீங்கள் பக்கத்தில். நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், உங்கள் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.