போனை வைப்பதற்கு முன்

வணக்கம் மேடம்,

தனியார் மருத்துவமனை ஒன்றின் சர்ஜிகல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நோயாளியின் சார்பாகப் பேசுவது நர்ஸின் கடமை என்று எழுதியிருந்தீர்கள். பி.எஸ்சி. நர்சிங் பரீட்சையில் நாங்களும் அதைத்தான் எழுதினோம். ஆனால் நைட் டியூட்டியில் "பேஷண்ட் சரியில்லை சார்" என்று போன் செய்தால், "காலையில் ரவுண்ட்ஸில் பார்க்கலாம் சிஸ்டர்" என்று வைத்துவிடுகிறார்கள். மறுபடி அழைத்தால் கோபம். எப்படித்தான் பேசுவது?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

சிக்கல் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "பேஷண்ட் சரியில்லை" என்பது பாதித் தூக்கத்தில் போனை எடுப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. யார், எவ்வளவு மோசம், நேரில் வரணுமா, மருந்து சொன்னால் போதுமா? தைரியமெல்லாம் அப்புறம். முதலில் எண்கள் வேண்டும்.

குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் என்று வைத்துக்கொள்வோம். பல்ஸ் 118, மூச்சு 24, பி.பி. 100/60, காய்ச்சல் 101, ஆக்சிஜன் வைக்காமலே சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 95, நினைவு தெளிவு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. ஒரு பாராசிட்டமாலோடு கடந்துவிடலாம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய 'நியூஸ் 2' என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் அட்டவணையில் இவற்றைப் போட்டுப் பாருங்கள். பல்ஸுக்கு 2, மூச்சுக்கு 2, பி.பி.க்கு 2, காய்ச்சலுக்கு 1, சாச்சுரேஷனுக்கு 1. மொத்தம் 8. ஐந்து வந்தாலே டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும். ஏழும் அதற்கு மேலும் அவசரம். உங்கள் வார்டில் அந்தத் தாள் இல்லாவிட்டாலும் கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். 16 வயதுக்குக் கீழானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் இது பொருந்தாது.

இதில் பெரும்பாலும் பொய்யாக இருப்பது மூச்சு எண்ணிக்கை. காய்ச்சல், பல்ஸ், மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டைத் திறந்தால் வார்டு முழுக்க 20, 20, 20. நாற்பது பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுவார்களா என்ன? உடம்பு கெடும்போது பெரும்பாலும் முதலில் ஏறுவதே மூச்சுதான். பல்ஸ் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைப் பார்த்து முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். யூரினையும் பையின் கோட்டை நம்பிக் குறிக்காமல் அளவு ஜாரில் ஊற்றிப் பாருங்கள். 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும்.

பிறகு போன். "சார், சர்ஜிகல் வார்டு 12ஆம் கட்டில், 54 வயது, நேற்று முன்தினம் குடல் ஆபரேஷன். ஒரு மணி நேரமாகப் பல்ஸ் 118, மூச்சு 24. மாலையில் 130/80 இருந்த பி.பி. இப்போது 100/60. நாலு மணி நேரத்தில் யூரின் 70 மில்லிதான். செப்சிஸோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் இப்போது வந்து பார்க்கணும். வருவதற்குள் நான் என்ன செய்யட்டும்?" அரை நிமிடம்கூட ஆகாது. (செப்சிஸ் என்றால் கிருமித் தொற்றால் உடம்பின் உறுப்புகளே கெடத் தொடங்கும் நிலை.) நிலைமை, பின்னணி, கணிப்பு, என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில் பேசும், அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகிய 'எஸ்பார்' (SBAR) முறைதான் இது. கைசர் பெர்மனெண்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனம் அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. நம்மவர்கள் விழுங்கிவிடுவது அந்தக் கடைசிப் பகுதியை. டாக்டருக்கே நாம் 'வாங்க' என்று சொல்வதா என்ற தயக்கம். எதற்காகக் கூப்பிட்டோமோ அதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம்.

அப்போதும் "காலையில்" என்றால், வைப்பதற்கு முன் ஒரு கேள்வி: "பி.பி. எவ்வளவுக்குக் கீழே போனால் கூப்பிடணும் சார்?" அவர் ஒரு எண் சொல்லியாக வேண்டும். சொல்லும்போதே பலருக்குத் தூக்கம் கலைந்துவிடும். மறுபடி அழைப்பதற்கும் அதுதான் உங்கள் கையில் இருக்கும் அனுமதி. கலையவில்லை என்றால், "எனக்கு இது பாதுகாப்பாகத் தோன்றவில்லை சார், நைட் சூப்பர்வைசரிடம் சொல்லி கன்சல்டன்டை அழைக்கிறேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டு அழையுங்கள். முதுகுக்குப் பின்னால் போனால்தான் பகை. போனிலேயே மருந்து சொன்னால் எழுதி, பெயர், அளவு, எந்த வழி என்று திருப்பி வாசித்துக் காட்டுங்கள்.

நோட்ஸில் 'இன்ஃபார்ம்டு டு டியூட்டி டாக்டர்' என்ற ஒற்றை வரி உங்களையும் காப்பாற்றாது, நோயாளியையும் காப்பாற்றாது. மணி, எண்கள், யாரிடம் பேசினீர்கள், அவர் சொன்ன வார்த்தைகள், பிறகு நீங்கள் செய்தது. 'டாக்டர் அலட்சியம்' என்று எழுதாதீர்கள். எண்ணும் மணியும் அதைச் சொல்லும். தப்பாக எழுதினால் ஒரே கோடு, கையெழுத்து. வைட்னர் கூடாது.

சில இடங்களில் பேச்சுக்கே வேலையில்லை. கே.சி.எல்.லை (பொட்டாசியம் குளோரைடு) கலக்காமல் நேரடியாக ஐ.வி. போடச் சொன்னால் "போட மாட்டேன் சார்", அவ்வளவுதான். 15 சதவீத ஆம்பியூல் ஒன்றில், 10 மில்லியில், 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. சிரிஞ்சில் தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

இன்னொன்று: கோபத்தில் நோயாளியுடன் இருக்கும் அட்டெண்டரிடம் "டாக்டர் வரமாட்டேங்கிறார்" என்று சொல்லிவிடாதீர்கள். வார்டில் சண்டை வரும், நோயாளி அப்படியே கிடப்பார். "டாக்டரிடம் பேசியிருக்கிறேன், மூன்றரைக்கு வந்து மறுபடி பி.பி. பார்ப்பேன்" என்று மணியைச் சொல்லுங்கள். மூன்றரைக்குக் கட்டிலருகில் இருங்கள்.