காலால் தண்ணீர் குடிக்கும் ஓணான்

"பாலைவனத்துப் பல்லிகள் தண்ணீருக்கு என்ன செய்யும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒன்று காலால் குடிக்கும். ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கேதான் தோர்னி டெவிலைப் பார்த்தேன். நம் வேலியோர ஓணானின் குடும்பம்தான். எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு சாணைத் தாண்டாது. உடம்பெல்லாம் முள்.

மழை பெய்த மறுநாள் காலை, செம்மண் பாதையோரம் தேங்கியிருந்த தண்ணீரில் ஒன்று நின்றது. பாதம் மட்டும்தான் நனைந்திருந்தது, தலையைக் குனியவே இல்லை. ஆனால் காலிலிருந்து மேலே மேலே தோல் ஈரத்தில் கருத்துக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் எதையோ மெல்வதுபோல வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தது.

அதன் செதில்களுக்கு நடுவே மயிரிழை போன்ற வாய்க்கால்கள் உடம்பு முழுக்க ஓடுகின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுமே, அப்படித் தண்ணீர் தானாகவே ஏறி வாயோரம் வந்து சேரும். வாயை அசைத்து அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். குட்டை கிடைக்காவிட்டால் ஈர மணலை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். வெறுமனே ஈர மணலில் நின்றால் குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறாது. அது தெரிந்த மாதிரி நடந்துகொள்வதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

சாப்பாடு எறும்பு மட்டும். எறும்புச் சாரை பக்கத்தில் நின்று நாக்கால் ஒவ்வொன்றாக எடுக்கும். ஒரு வேளைக்கு ஆயிரம்கூடப் போகும். அப்புறம், பிடரியில் முள்ளோடு ஒரு புடைப்பு உண்டு. ஆபத்து வந்தால் நிஜத் தலையை முன்னங்கால்களுக்கு இடையே ஒளித்து, இந்தப் பொய்த் தலையைக் காட்டும்.

1841-இல் விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே வைத்த அறிவியல் பெயர் மோலோக் ஹாரிடஸ். லத்தீனில் ஹாரிடஸ் என்றால் முள்ளடர்ந்தது என்றும் பொருள், அது சரி. நரபலி கேட்கும் தெய்வமான மோலோக்கின் பெயரை இந்தச் சாதுவுக்கு வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அன்று அது பாதையைக் கடந்தபோது ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் ஆடி, காற்றில் அசையும் சருகுபோலப் போனது. எதிரே வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தினேன். வெயில் காயச் சாலைக்கு வந்து அடிபட்டுச் சாவது நிறைய. அந்தப் பக்கம் போனால் காலையில் மெதுவாக ஓட்டுங்கள்.