கோட் யாருடையது, தம்பி?

கேள்வி: வீட்டு வயரிங்கும் சோலார் பம்ப் பூட்டுகிற வேலையும் செய்கிறேன். வேலை தேடுபவர்களும் ஆள் தேடுபவர்களும் சேரும் லிங்க்ட்இன் இணையத்தளத்தில் கணக்குத் திறக்கப் போனால், "கோட்டும் டையுமாகப் படம் போடு, ஊருக்குக் கொழும்பு என்று போடு, தொழிலுக்கு எனர்ஜி கன்சல்டன்ட் என்று போடு" என்கிறான் நண்பன். போடலாமா? (வாசகர், விசுவமடு)

பதில்: முதலில் அந்தக் கோட். எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் ஆணியில் ஒரு கறுத்தக் கோட் தொங்கும். படம் எடுக்க வருகிற எல்லோருக்கும் அதுதான். மெலிந்தவருக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார்கள், உடம்பானவருக்குப் பொத்தானைப் பூட்டாமல் விடுவார்கள். கீழே சாரம் கட்டியிருந்தாலும் படத்தில் தெரியாது. இப்போது அந்தக் கோட்டும் தேவையில்லை, கழுத்துக்குக் கீழே கணினியிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அண்மையில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பங்களில் ஒரே நீலக் கோட்டும் அதே கோடு போட்ட டையும் பல பேருக்கு. ஒரு பிள்ளைக்குத் தோள் வலப்பக்கம் போகிறது, முகம் இடப்பக்கம் போகிறது. பார்த்துச் சிரித்தோம். அப்புறம் எனக்குக் கோபம்தான் வந்தது, அந்தப் பிள்ளைகள் மேல் அல்ல, இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்.

2009இல் போரின் முடிவில் இங்கிருந்து வெளியேறிய பலரிடம் பிறப்புச் சான்றிதழே இருக்கவில்லை. படித்ததற்கு அத்தாட்சி, அடையாள அட்டை, கல்யாணப் படம் எல்லாம் சொப்பிங் பையோடு போயிற்று. தாங்கள் யார் என்று காட்டுவதற்குக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் அலைந்த சனம் நாங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை, கையில் உள்ள தொழிலையும் பிறந்த ஊரையும் தானாகவே மறைப்பதா?

ஊருக்கு எங்கள் பகுதியான வன்னி என்று போட்டால் மதிக்கமாட்டார்கள் என்று இதே பக்கத்தில் முன்பு ஒருவர் வாதாடினார். அவரோடு நான் இன்னும் சமாதானமாகவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் நடக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. இன்னும் எத்தனை நாளைக்குக் கூச்சம்?

சரி, உங்கள் விஷயம். லிங்க்ட்இன்னில் ஆள் தேடுபவர் தொழிலையும் ஊரையும் கொடுத்துத்தான் தேடுகிறார். முல்லைத்தீவில் சோலார் பம்ப் பூட்ட ஆள் தேடும் நிறுவனத்துக்கு, கொழும்பில் இருக்கும் எனர்ஜி கன்சல்டன்ட் எப்படி அகப்படுவார்? அகப்பட்டாலும், கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள்?

நீங்கள் வயர் இழுத்து முடித்த ஒரு போர்டைத் திறந்து படம் எடுங்கள். ட்ரிப் சுவிட்சுகள் வரிசையாக, ஒவ்வொன்றின் கீழும் எந்த அறை என்று எழுதி, வயர்கள் நிறம் மாறாமல் ஒழுங்காக இறங்குவது தெரியட்டும். விஷயம் தெரிந்தவனுக்கு அந்த ஒரு படம் போதும். பம்புக்குப் பக்கத்தில், வேலை செய்யும் சேட்டோடு நின்று முகப்படத்தை எடுங்கள். எத்தனை குதிரை வலுப் பம்ப், எத்தனை பனல், எந்த ஊர்த் தோட்டம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சான்றிதழ் இல்லையென்றால், செய்து பழகிய தொழிலை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை, அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைற்றாவில் இருக்கிறது, போய்க் கேளுங்கள். ஊருக்கு நேரே விசுவமடு என்று போடுங்கள். உங்கள் நண்பனையும் அவனுடைய ஊரைப் போடச் சொல்லுங்கள்.